சாம்பார் வைத்துப் பார்த்த வீடு

போன மாதம் எங்கள் பழைய கம்பெனியிலிருந்து ஓர் இளைஞர் வந்திருந்தார். கட்டுமானத் துறையில் வாடிக்கையாளர் திருப்தி என்ற தலைப்பில் புதிய பொறியாளர்களுக்கு நான் அரைமணி நேரம் பேச வேண்டுமாம். கையோடு ஒரு தாளும் கொண்டுவந்திருந்தார். அதில் வரிசையாக ஐந்து பொம்மை முகங்கள். முதல் முகம் அழுகிறது, ஐந்தாவது முகம் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறது. சாவி வாங்கும் வீட்டுக்காரர், தன் மனநிலை எந்த முகமோ அதன்மேல் வட்டம் போட வேண்டும்.

"உங்க காலத்துல இதெல்லாம் எப்படி சார் தெரிஞ்சுக்குவீங்க?" என்று கேட்டார்.

"அசல் முகத்தைப் பார்த்துத் தெரிஞ்சுப்போம் தம்பி. எங்களுக்குப் பெரும்பாலும் முதல் முகம்தான் கிடைக்கும்" என்றேன்.

சிரித்துவிட்டு அதைக் குறித்துக்கொண்டார். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. எழுபதுகளில் வாடிக்கையாளர் என்பவர் மளிகைக் கடைக்கும் வங்கிக்கும் சொந்தமானவர். வீடு கட்டும் தொழிலில் அப்படி ஒருவர் கிடையாது. எங்களுக்கு இருந்தவர் 'பார்ட்டி'. பார்ட்டி என்பவர் பூமி பூஜைக்கு வருவார், பிறகு கிரகப் பிரவேசத்துக்கு வருவார். இடையில் வந்தால் தொந்தரவு.

நான் டிப்ளமா முடித்த கதை யாருக்கும் பயன்படாது. கான்கிரீட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும், மேலதிகாரிக்குக் காபி காட்ட வேண்டும் என்ற இரண்டு பாடங்களோடு வெளியே வந்தேன். செங்கல்பட்டில் ஒரு கான்டிராக்டரிடம் ஓவர்சியர் வேலை கிடைத்தது. அவர் பெயர் ஞானப்பிரகாசம். எல்லோரும் ஐயா என்போம். கனத்த உடம்பு, மெல்லிய குரல். கோபம் வந்தால் குரல் இன்னும் மெலியும், மரியாதை கூடும். சாதாரண நாளில் நான் அவருக்குத் 'தம்பி'. அவர் வாயிலிருந்து 'சார்' வந்துவிட்டால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது.

அவர் கட்டிடத்தைப் பார்வையிடும் முறையே தனி. வாசலில் செருப்பைக் கழற்றுவார். மேஸ்திரி ஏழுமலை ஒரு கோரைப்பாயை விரிப்பார். ஐயா அதில் மல்லாந்து படுத்துவிடுவார். நிமிர்ந்தபடி உத்தரத்தைப் பார்ப்பார், ஒருக்களித்து ஜன்னலைப் பார்ப்பார், அப்புறம் கண்ணை மூடிக்கொள்வார். முதல்முறை பார்த்தபோது மனுஷனுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நான் சோடா வாங்க ஓடினேன். திரும்பி வந்தபோது அவர் எழுந்து உட்கார்ந்திருந்தார்.

"தம்பி, வீட்டுல இருக்கறவங்க பாதி நேரம் படுத்துத்தான் கிடப்பாங்க. நாம மட்டும் ஏன் நின்னுக்கிட்டே கட்டுறோம்?" என்றார். பிறகு சோடாவைக் குடித்தார்.

அவருடைய முக்கியமான சட்டம் இன்னொன்று. வீட்டைக் கட்டிய ஓவர்சியர், சாவியை ஒப்படைக்கும் முன் அந்த வீட்டில் ஒரு பகல் இருக்க வேண்டும். அடுப்பு மூட்டி, சமைத்து, குளித்து, சாப்பிட்டு, ஒரு தூக்கமும் போட்டுவிட்டு, எங்கெங்கே கஷ்டப்பட்டோம் என்று அவரிடம் சொல்ல வேண்டும். எனக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. தெரிந்த சமையல் சாம்பார் ஒன்றுதான். ஆக, செங்கல்பட்டு வட்டாரத்தில் நான் கட்டிய வீடு எல்லாவற்றிலும் முதலில் கொதித்தது என் சாம்பார்.

கேலி செய்கிறேனே தவிர, பலன் இருந்தது. ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு வாத்தியாருக்குக் கட்டிய வீட்டில் அடுப்புப் புகை நேராகக் கூடத்துக்கு வந்து உட்கார்ந்துகொண்டது. கண்ணைக் கசக்கியபடி ஐயாவிடம் சொன்னேன். மறுநாளே சமையலறை ஜன்னல் இடம் மாறியது. இன்னொரு வீட்டில் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டு, பெரிய தண்ணீர் அண்டாவை வசதியான இடத்துக்கு நகர்த்தினேன். வசதியான இடம் கதவுக்குப் பின்னால் இருந்தது. கதவோ உள்பக்கமாகத் திறக்கிற கதவு. அண்டாவுக்கும் சுவருக்கும் நடுவில் நான் துண்டோடு நிற்க, வெளியே ஐயாவின் மெல்லிய குரல் கேட்டது.

"வெளியே வாங்க சார்."

"முடியல ஐயா."

"கட்டினவராலயே முடியலையா சார்?"

அதற்கப்புறம் எங்கள் குளியலறைக் கதவுகள் எல்லாம் வெளிப்பக்கம் திறந்தன. இப்படி நாலைந்து வீடுகள் ஆனதும் எனக்கு ஒரு தெளிவு வந்துவிட்டது. நான் சாம்பார் வைத்துச் சாப்பிட்டு வசதியாகத் தூங்கி எழுந்தால் அந்த வீடு நல்ல வீடு. அளவுகோல் நானே. இந்தத் தெளிவோடுதான் சதுரங்கப்பட்டினம் போனேன்.

அங்கே கடல் ஒரு மழைக்காலத்தில் குப்பத்துக் குடிசைகளில் ஒரு வரிசையைக் கொண்டுபோய்விட்டது. மிச்சமிருந்தவர்கள் கூட்டுறவுச் சங்கம் வைத்து, கடனுக்கு ஏற்பாடு செய்து, மேட்டில் இடம் பிடித்து, வீடு கட்டித்தர ஐயாவைக் கூப்பிட்டார்கள். ஒரே அச்சில் எல்லா வீடும். முதலில் ஒரு வீட்டை முடித்துக் காட்ட வேண்டும், பிடித்தால் மற்றவர்கள் கையெழுத்துப் போடுவார்கள் என்று பேச்சு.

அந்த முதல் வீடு மரகதத்துக்கு. மரகதம் கருவாட்டு வியாபாரி. விடிந்ததும் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறி, திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டுச் சந்தைக்கு வந்துவிடுவார். சில நாள் பக்கத்தில் கல்பாக்கத்து என்ஜினீயர் குடியிருப்புகளில் விற்பார். புருஷன் கன்னியப்பன் கடலுக்குப் போகிறவர், கரையில் இருக்கும்போது பேச மாட்டார். அந்த வீட்டுக்கு வேண்டிய பேச்சையெல்லாம் மரகதமே பேசிவிடுவார். குப்பத்துப் பெண்கள் மரகதம் சரி என்றால்தான் சரி என்பார்கள், பெண்கள் சரி என்ற பிறகு ஆண்கள் யோசிக்க ஆரம்பிப்பார்கள். முதல் வீடு ஏன் அவருக்கு என்பது இப்போது புரிந்திருக்கும். இன்னொரு காரணமும் உண்டு. கடலுக்கு மிக அருகே மிச்சமிருந்த குடிசை அவருடையது. ஐப்பசி மழைக்கு முன்னால் அவர் மேட்டுக்கு வந்தே ஆக வேண்டும்.

ஐயாவும் துணிந்து இறங்கியிருந்தார். மற்ற வேலைகளை நிறுத்திவிட்டு ஆட்களை இங்கே கொண்டுவந்திருந்தார். எல்லா வீட்டுக்கும் சேர்த்து வாசக்கால்களும் கதவுகளும் செய்து, கொட்டகை போட்டு அடுக்கியாகிவிட்டது. மரகதம் வேண்டாம் என்றால் அத்தனையும் வெறும் விறகு.

வேலை நடக்கும்போது மரகதம் ஒரே ஒரு தடவை வந்து ஒன்றே ஒன்று கேட்டார்.

"தம்பி, எனக்கு நின்னுகினு சமைக்கிற மேடை வோணும். கல்பாக்கத்துல என்ஜினீரு வூட்டம்மா நின்னுகினுதான் சமைக்குது. சீலை கூட கசங்கல."

பார்ட்டி இடையில் வந்து கேட்டு நான் செய்துகொடுத்த முதல் காரியம் அது. கடப்பைக்கல் மேடை போட்டேன். வீடு முடிந்ததும் சட்டப்படி சாம்பார் வைத்தேன். மேடை சௌகரியமாக இருந்தது. கடல்காற்றில் இரண்டு மணிநேரம் தூங்கினேன். குறை ஒன்றுமில்லை என்று ஐயாவிடம் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்.

பால் காய்ச்சுகிற நாள் வந்தது. குப்பமே கூடியிருந்தது. மரகதம் புதுச் சேலையில், தலையில் கூடையோடு வந்தார். கூடைக்குள் பால் செம்பு, விளக்கு, உப்பு, மஞ்சள், அரிசி. வாசலுக்கு வந்ததும் ஒரு நொடி நின்று இடப்பக்கம் திரும்பிப் பார்த்தார். பூச்சு வேலையை ரசிக்கிறார் என்று நினைத்து நான் ஏழுமலையைப் பார்த்துப் புன்னகை செய்தேன். மரகதம் வலது காலை எடுத்து உள்ளே வைத்தார். கூடை நிலையின் மேல்கட்டையில் இடித்துப் பின்னால் சாய்ந்தது. பால் முழுவதும் வாசற்படியில் கொட்டியது.

மரகதம் இடுப்பில் செருகியிருந்த சாவியை எடுத்து, பால் நனையாத ஓரமாகப் பார்த்து வைத்தார்.

"இன்னா தம்பி, இது வூடா, கோயிலா? தலை குனிஞ்சு போறதுக்கு? வாசலை ஒசத்திக் குடு. இல்லாங்காட்டி நீயே சாம்பார் வெச்சுத் துண்ணுகினு இங்கயே குந்திகினு இரு."

சாம்பார் விஷயம் குப்பம் முழுக்கத் தெரிந்திருந்தது என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

வாசலை உயர்த்துவது என்றால் கான்கிரீட் உத்தரத்தை உடைக்க வேண்டும், கொட்டகையில் அடுக்கிய கதவு எல்லாம் குட்டையாகிவிடும். கூட்டம் கலைந்த பிறகு ஐயா என்னைக் கோட்டைப் பக்கம் கூட்டிப்போனார். டச்சுக்காரர்கள் விட்டுப்போன இடிந்த மதில் நிழலில் நின்றோம். அவர் குரல் காற்றில் கேட்கவே இல்லை, குனிந்து கேட்டேன்.

"என்ன சமைச்சீங்க சார்?"

"சாம்பார் ஐயா."

"இவங்க வீட்டுல சாம்பாரா வைப்பாங்க சார்?"

"இல்ல ஐயா."

"நீங்களா சார் இங்க குடியிருக்கப் போறீங்க?"

மூன்று 'சார்'. என் கணக்கில் அது வேலை போவதற்கு முந்தின நிலை. ஆனால் அவர் மதிலைத் தட்டிப் பார்த்தபடி, "இதையும் இருக்கறவனைக் கேட்டுக் கட்டலை போல. காலியாத்தான் கிடக்கு" என்று சொல்லிவிட்டு நேராக மரகதத்தின் குடிசைக்கு நடந்தார்.

அங்கே அவர் கேட்டது இவ்வளவுதான். "பால் காய்ச்ச வேணாம்மா. குடியும் வர வேணாம். ஒரு நாள், உங்க வேலையை மட்டும் மேட்டு வீட்டுல வந்து செய்யுங்க. அப்புறமும் வாசலை உயர்த்துன்னு சொன்னீங்கன்னா உடைக்கிறேன்."

"நாஷ்டா யார் போடுவா?"

"எங்க ஓவர்சியர் நல்லா சாம்பார் வைப்பாரு."

"ஐயே, வோணாம். நானே மீன் கொண்டாறேன்" என்றார் மரகதம். கன்னியப்பன் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல்முறை.

இரண்டு நாள் கழித்து, காலையில் கருவாட்டுப் பானைகள், கூடை, அரிவாள்மனை, விறகு சகிதம் மரகதம் வந்து இறங்கினார். கன்னியப்பன் சாமான்களை வைத்துவிட்டுக் கடலுக்குப் போய்விட்டார். என் வேலை, ஓரமாக நின்று வாயை மூடிக்கொண்டு பார்ப்பது. வாயை மூடும் பகுதியை ஐயா இரண்டு தரம் சொல்லியிருந்தார்.

மரகதம் முதலில் தன் கனவு மேடையில் விறகடுப்பை ஏற்றினார். நின்றபடி ஊதினார். தீ முகத்துக்கு நேராக எழும்பியது. புகை கண்ணுக்குள் போனது. இருமினார், மறுபடியும் ஊதினார்.

"அந்தம்மாவுக்கு மட்டும் எப்டி கண்ணு எரியல?"

வாயைத் திறக்கலாமா என்று யோசித்து, "அவங்க வீட்டுல கேஸ் அடுப்பு இருக்கும்" என்றேன்.

மரகதம் என்னை உற்றுப் பார்த்தார். "இத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?"

அடுப்பு தரைக்கு இறங்கியது. அரிவாள்மனையும் தரைக்கு வந்தது. மேடைமேல் கருவாட்டுப் பானைகள் ஏறி வரிசையாக உட்கார்ந்துகொண்டன. எலிக்கு எட்டாத உயரம் என்று மரகதம் கண்டுபிடித்ததும் மேடைக்குப் போன மதிப்பு திரும்பி வந்தது. பார்ட்டி கேட்டதும் அதுவல்ல, நான் கட்டியதும் அதுவல்ல, ஆனால் இருவருக்கும் பரம திருப்தி.

அடுத்தது கூடை. நெத்திலியும் வாளைக் கருவாடும் நிரப்பி, வாயில் சாக்கைக் கட்டி, தலையில் சும்மாடு வைத்துக்கொண்டு மரகதம் நிமிர்ந்தார். வழக்கமாக உதவுகிற ஆட்களைத் தேடி அக்கம்பக்கம் பார்த்தார். அகப்பட்டது நான்.

"தா, ஒரு கை புடி."

நான் பிடித்தேன். வாழ்க்கையில் அதற்கு முன் பேனாவுக்கு மேல் கனமான எதையும் ஒழுங்காகத் தூக்கியதில்லை. மரகதத்தைவிட நான் உயரம் வேறு. என் பக்கம் எழும்பியது, அவர் பக்கம் தாழ்ந்தது, உடனே சமாளிக்க நான் பின்னுக்கு இழுத்தேன். சாக்கு அவிழ்ந்து நெத்திலி முழுவதும் என் தலையில் பொழிந்தது. சட்டைப் பைக்குள்ளும் காலருக்குள்ளும் போனது. அன்று மாலை பஸ்ஸில் என் பக்கத்து சீட் செங்கல்பட்டு வரை காலியாகவே வந்தது. இறங்கிய இடத்திலிருந்து என் அறை வரைக்கும் மூன்று பூனைகள் வழித்துணைக்கு வந்தன.

மறுபடி நிரப்பி, இந்த முறை கூடையை வாசலுக்கு வெளியே கொண்டுபோய் வைத்துத் தூக்கினோம். சரியாக ஏறியது. மரகதம் கூடைக்குக் கீழிருந்து கேட்டார்.

"நாளைக்கும் வருவியா?"

"வரேன்."

"நாளன்னிக்கு?"

நான் காலருக்குள்ளிருந்து ஒரு நெத்திலியை எடுத்துப் போட்டேன். அவர் சொன்னார். "கீழ குப்பத்துல வூடுங்க ஒட்டிகினு கீது. அவளுக்கு நான் தூக்குவேன், இவளுக்கு அவ தூக்குவா. அல்லாரையும் ஏத்தி உட்டுட்டு நான்தான் கடைசி. கடைசி ஆளுக்கு யார் தூக்குறது?"

"யார் தூக்குவாங்க?"

"படகுதான். வாசலுக்கு எடது பக்கமா பனங்கட்டை மேல கவுத்து வெச்சிருக்கோமே, பழைய படகு. அது மேல கூடையை வெச்சுட்டு, அடியில தலையைக் குடுத்து எழுந்துக்கினா ஆச்சு. வரும்போதும் அதும் மேலதான் எறக்குவேன்."

அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. "ஏம்மா, உங்க குடிசை வாசல் இதைவிடக் குட்டையாச்சே. அதுல எப்படிப் போறீங்க?"

"குனிஞ்சுதான். கூடைதான் படகு மேல குந்திகினு கீதே. வெறுந்தலை குனியறதுக்கு இன்னா?"

பால் கொட்டின அன்று அவர் வாசலில் நின்று இடப்பக்கம் திரும்பிப் பார்த்தது என் பூச்சு வேலையை அல்ல. கூடையை இறக்கப் படகைத் தேடியிருக்கிறார்; இங்கே படகு இல்லை. அத்தனை கூட்டத்துக்கு முன்னால் நல்ல நேரத்தில் 'யாராச்சும் எறக்கி உடுங்க' என்று கேட்க அவர் குணம் இடம் கொடுக்கவில்லை. கூடையோடு உள்ளே நுழைந்துவிட்டார்.

மாலையில் ஐயா வந்தார். பாயில் படுக்கவில்லை. என் சட்டையின் வாசம் எட்டாத தூரத்தில் நின்று முழுவதையும் கேட்டார். பிறகு மரகதத்திடம் திரும்பி, "வாசலை உயர்த்தணுமாம்மா?" என்றார்.

மரகதம் வாசலைப் பார்த்தார், கூடையைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார். "வாசல் கெடக்கட்டும். இந்தத் தம்பி மாதிரி ஒண்ணு வெளியில நிக்கணும். ஆனா ஆடக் கூடாது."

ஐயா என் தோளைத் தட்டினார். "உன்னை இங்கேயே நிறுத்திட முடியாது தம்பி. செங்கல்லை நிறுத்திடலாம்."

'தம்பி' என்ற சொல் அவ்வளவு இனிப்பானது என்று எனக்கு அதுவரை தெரியாது.

மறுநாள் வாசலுக்கு இடப்பக்கம் செங்கல் தூணாக ஒரு சுமைதாங்கி எழுப்பினோம். வழிப்போக்கர்கள் சுமை இறக்க ரோட்டோரத்தில் இருக்குமே, அதேதான், வீட்டளவில். உயரம் எவ்வளவு என்று அளக்க டேப்பை எடுத்தபோது மரகதம், "ரவிக்கை தைக்கப் போறியா?" என்று விரட்டிவிட்டார். சுவரோரமாகத் தானே நின்று, காது மட்டத்தில் விரலை வைத்து, "இங்க" என்றார். ஏழுமலை கரிக்கட்டையால் கோடு போட்டார். மேலே வைக்கப் பலகைக்கல் மாமல்லபுரத்துச் சிற்பக் கூடத்திலிருந்து வந்தது. யாரோ யானை செதுக்க ஆரம்பித்து மனம் மாறிய கல். அடிப்பக்கம் ஒரு கால் மட்டும் இருந்தது.

மழை வருவதற்குள் மரகதம் இரண்டாவது முறை பால் காய்ச்ச வந்தார். நடந்து வந்தார், கூடையைத் தூண்மேல் இறக்கினார், செம்பை மட்டும் எடுத்துக்கொண்டு நிலையில் தலை தட்டாமல் உள்ளே போனார். பால் பொங்கியது. வெளியே வந்து இடுப்பைத் தட்டிக் காட்டினார். சாவி அங்கே இருந்தது.

மற்றவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். ஒவ்வொரு வீட்டிலும் கூடை சுமக்கிற பெண்மணி சுவரோரம் வந்து நிற்க, ஏழுமலை காது மட்டத்தில் கரிக்கோடு போட்டார். நெட்டையான மாமியாரும் குள்ளமான மருமகளும் இருந்த ஒரு வீட்டில் சண்டை வந்து, இரண்டு படியாகத் தூண் கட்டினோம். வேலையைப் பார்வையிட வந்த அதிகாரி ஒருவர் வரைபடத்தை விரித்துவைத்துக்கொண்டு, "ஒரே அச்சு வீடுன்னு இருக்கு. தூண் மட்டும் ஏன் ஏற்ற இறக்கமா இருக்கு?" என்று கேட்டார்.

ஐயா குரலை நன்றாகத் தாழ்த்திக்கொண்டார். "வீடுதான் சார் ஒரே அச்சு. பெண்கள் அப்படி இல்லை சார்."

அந்த இரண்டு 'சார்'களின் விலை அதிகாரிக்குத் தெரியாது. சிரித்தபடி கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

அதன்பிறகு நான் சாம்பார் வைப்பதை விட்டுவிட்டேன். பார்ட்டியைக் கூப்பிட்டு, அவர்கள் சமையலை அவர்களே செய்யச் சொல்லி, ஓரமாக வாயை மூடிக்கொண்டு நின்று பார்ப்பேன். வேறு கம்பெனிக்குப் போய், பெரிய பதவிகளில் ஏறி, நாற்காலிக்குப் பின்னால் துண்டு போடும் அளவுக்கு வந்த பிறகும் அதைத்தான் செய்தேன்.

பொம்மை முக இளைஞர் போன பிறகு எனக்குச் சதுரங்கப்பட்டினம் போய்ப் பார்க்கத் தோன்றியது. போனேன். மரகதத்தின் வீட்டுக்கு மேலே இன்னொரு மாடி வந்திருக்கிறது, சுவருக்கு ரோஸ் வண்ணம். வாசலுக்கு இடப்பக்கம் தூண் அப்படியே நிற்கிறது. நான் கேட்டருகே நின்றுகொண்டிருந்தபோது ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் வந்தது.

"யோவ், ஹெல்மெட்ட உள்ள எத்துகினு வராத. ஓவர்சீரு மேல வெச்சுட்டு வா."

அவர் ஹெல்மெட்டைக் கழற்றித் தூணின்மேல் வைத்துவிட்டு உள்ளே போனார். அந்த வீட்டில் தூணின் பெயர் ஓவர்சியர். பிறகு அந்தப் பெண் எட்டிப் பார்த்து, "யார் சார் வோணும்?" என்றார்.

நான்தான் அந்த ஓவர்சியர் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் கையில் ஒரு பெரிய காய்கறிப் பை இருந்தது. கனமாகத் தெரிந்தது, என்மேல் இறக்கிவிட்டால்? பஸ் ஸ்டாப்புக்கு வழி கேட்டுவிட்டு வந்துவிட்டேன்.